காலி மிக்ஸியின் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க அடித்துக்கொண்டே இருந்தேன். ஈரத் தோல் பையைப் பெல்ட்டால், முட்டைக்கோஸைக் கட்டையால், கடைசியில் எரிச்சல் தாங்காமல் என் தொடையை என் கையாலேயே. பதினொரு நிமிடக் குறும்படம். கணவன் மனைவியை அடிக்கிறான். அந்த அடிகளுக்குச் சத்தம் செய்வது என் வேலை. டைரக்டருக்கு எதுவும் போதவில்லை. பார்க்கிறவன் தன் கன்னத்தைத் தடவிப் பார்க்க வேண்டுமாம். நான் அவர் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடை கன்றிப்போயிருக்கிறது. சத்தமோ தலையணையைத் தட்டியதுபோல் வந்தது.

மார்ச் 5, வியாழன்

ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃபிரிட்ஜின் முனகல், ஜன்னல் வழியாக வரும் தெரு. அதைத் தனியாகப் பதிந்து வசனத்துக்கு அடியில் போட்டால்தான் காட்சி உயிரோடு இருக்கும். படத்தில் வருவது சமையலறை. என் வீட்டில் அம்மா ரேடியோவை அணைக்க மாட்டார். அதனால் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஆபீஸில் இருந்தார். ரெக்கார்டரை ஃபிரிட்ஜ் மேல் ஓடவிட்டு, அக்காவை மொட்டைமாடிக்கு இழுத்துப்போனேன். ஊர்க்கதை பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க அப்படியே ஓடிவந்துவிட்டேன். ரெக்கார்டர் அங்கேயே இருக்கிறது. போன் செய்தேன், நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்றாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ரெக்கார்டரை எடுத்துவந்து, தேவையான அமைதியை வெட்டி எடுக்க உட்கார்ந்தேன். சாயங்காலப் பகுதியில் கதவுச் சத்தம், அத்தான் வருகிறார். கொஞ்ச நேரத்தில் மிக்ஸி ஓடுகிறது. காலியாக. உள்ளே ஒன்றும் இல்லாமல் பிளேடு சுற்றினால் ஒரு கீச்சு வரும், என் காதுக்கு அது தப்பாது. யார் காலி மிக்ஸியை ஓட்டுவார்கள்? அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ விழுகிறது. மறுபடியும். மறுபடியும். ஒரு பாத்திரம் உருள்கிறது. அக்கா கத்தவே இல்லை. மிக்ஸி நின்றது. பிறகு அத்தான் குரல், சாந்தமாக: "தண்ணி கொண்டா."

அடப்பாவி. தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லுதே. போன் பண்ணும்போதெல்லாம் பின்னால மிக்ஸி ஓடும், அவர் அடுக்களையில கூடமாட உதவுறார்னு அம்மாகிட்ட நானே பெருமையடிச்சேனே. அந்தக் கையை வெரல் வெரலா ஒடிக்கணும். ஒடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும் —

மார்ச் 7, சனி

அடின்னா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

நேராகவே கேட்டேன். அக்கா சிரித்தாள். "நீ பொழுதன்னைக்கும் அடி சத்தமே பண்றவ. உனக்கு எதக் கேட்டாலும் அடியாத்தான் கேக்கும்."

அவள் சட்டைக் கையை மேலே தள்ளினேன். மஞ்சளாய் ஆறிய இடத்துக்குப் பக்கத்திலேயே நீலமாய்ப் புதியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என்னோடு வந்துவிடு என்றேன். வந்தால் என்னையும் அம்மாவையும் வீட்டோடு கொளுத்துவதாக அத்தான் சொல்லியிருக்கிறாராம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல். பதிவைத் தன் கண்முன் அழிக்கச் சொன்னாள். அழித்தேன். புத்தி கெட்டவள் நான்.

வாசலில் கிடந்த அவர் செருப்பை மிதித்து வாரை அறுத்துவிட்டு வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

படத்திலிருந்து எல்லா அடியையும் தூக்கிவிட்டேன். அடிக்கும் காட்சிக்குப் பதில், எடுத்ததில் மிச்சமிருந்த ஒரு ஷாட்: சமையலறையின் மூடிய கதவு. அதன்மேல் என் வீட்டு மிக்ஸி, காலியாக. அது நிற்கும் இடத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. ஃபிரிட்ஜின் முனகல்கூட இல்லை.

டைரக்டர் நாற்காலியை எட்டி உதைத்தார். "அடி எங்கங்க? ரெண்டு பேரும் உயிரக் குடுத்து நடிச்சிருக்காங்க." நான் ஹெட்போனைச் சுவரில் அடித்தேன், இரண்டாக உடைந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மிக்ஸி நின்றதும் அவர் அந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

மார்ச் 22, ஞாயிறு

குறும்படப் போட்டியில் காலையில் படம் காட்டினார்கள். அக்காவையும் அத்தானையும் நான்தான் வருந்தி அழைத்தேன். அந்த ஆளுக்குக் கேட்கட்டும் என்ற வெறி. அவர்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் தையல்கார அம்மாவையும் அக்கா கூட்டிவந்திருந்தாள்.

கதவு. மிக்ஸி. அது நின்றபோது அரங்கில் ஒருவர் இருமக்கூட இல்லை.

வெளியே அத்தான் என் தோளைத் தட்டினார். "பிரமாதம். நம்ம வீட்டு மிக்ஸி மாதிரியே இருக்கு." சிரித்தார். கழிப்பறை வாசலில் அக்கா என்னை ஓங்கி அறைந்தாள்.

"அவருக்குக் கேக்கணும்னு பண்ணிட்ட. அதுக்கு யாருடி வாங்கப் போறா?"

காது இன்னும் ரீங்கரிக்கிறது. அவள் கேட்டதை நான் யோசிக்கவே இல்லை. ஏன் யோசிக்கவில்லை?

மார்ச் 23, திங்கள்

நேற்று மதியமே வாங்கிவிட்டாள்.

தையல்கார அம்மா சொன்னார். மேலே மிக்ஸி ஓடியதும் அவருக்குக் காலையில் பார்த்த படம் நினைவுக்கு வந்ததாம். மாடியேறி, துணி வெட்டும் கத்திரியின் பிடியால் கதவை இடித்திருக்கிறார். அத்தான் சிரித்த முகமாகத் திறந்தாராம். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தரையில் கிடந்தவளைத் தூக்கி வந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. உதட்டில் தையல்.

"தெனமும் வாய்க்கு ருசியா ஆக்குற வீடுன்னு நெனச்சிட்டிருந்தேம்மா" என்று அழுதார்.

அக்கா இப்போது என் படுக்கையில். அந்த எலும்பை ஒடித்தது அவர். அவரைச் சீண்டிவிட்டது நான். படத்துக்குப் பரிசு நிச்சயம் என்று டைரக்டர் செய்தி அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா யாரோடும் பேசவில்லை.

மார்ச் 28, சனி

வந்துவிட்டார். பட்டப்பகலில், இஸ்திரி போட்ட சட்டையில். கதவை ஒருமுறை உதைத்தார். பிறகு இடுக்கு வழியாக மெதுவாகச் சொன்னார்: "வா, வீட்டுக்குப் போலாம். நாலு பேரு பாக்குறாங்க."

நான் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டேன். கொன்றுவிடத்தான் எடுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அக்கா என்னைத் தோளால் ஒதுக்கினாள். தாழ்ப்பாளை இடது கையால் திறந்தாள். வாசலில் நின்று கத்தினாள்.

முதலில் வார்த்தையே இல்லை. அடிவயிற்றிலிருந்து வெறும் சத்தம். பிறகு, "இவன் என்னை அடிக்கிறான்! இவன்தான்! எல்லாரும் பாருங்க, இவன்தான்!" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சலூனிலிருந்து பாதி மழித்த முகத்தோடு ஒருவர் ஓடிவந்தார். அவள் நிறுத்தவில்லை. அந்த ஆளின் கை அங்குமிங்கும் துழாவியது. அந்தச் சத்தத்தை மூட அங்கே எதுவும் இல்லை. அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தார். கையைக் கடித்தாள். சலூன்காரர்கள் அவர் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போனார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். பாதித் தெரு கூட வந்தது. அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையில்தான் வெந்நீர் கேட்டாள்.