எழுபத்தெட்டில் நின்ற துடிப்பு

ஆடி கடைசி வெள்ளி.

இன்று காளி கோயிலில் கொழுந்தன் தங்கராசுவைப் பிரம்பால் அடித்தேன். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று எங்கள் நெரவி ஊரே என் காலில் விழுந்தது. அவனும் விழுந்தான்.

கல்லூரியில் கணக்கு படிக்கும் பேத்தி கயல், சாமி வந்தால் துடிப்பு எகிறணும் என்று பந்தயம் கட்டி, நாடித்துடிப்பை அளக்கும் அவள் வாட்சை என் கையில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் செல்லை நீட்டினாள்.

"பாரு அப்பாயி, மனசு, சாமி எல்லாமே கணக்குல அடங்கிடும். அவர அடிச்சப்ப உன் துடிப்பு எழுபத்தெட்டு. காலையில கத்திரிக்கா நறுக்கினப்பவும் அதேதான். அம்மன் வரவே இல்ல, நீதான் அடிச்ச!"

"வாய மூடுடி, பல்லத் தட்டிருவேன்."

ஆனால் அவள் கணக்கு சரி. காய்ச்சலில் கிடந்த என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன் வண்டி தரவில்லை. முப்பத்தாறு வருஷம் காத்திருந்து, நிதானமாக நான்தான் அடித்தேன்.

மகளைப் புதைத்த அன்று அவன் வீட்டுக் கதவைத் தலையால் மோதி உடைத்தேனாம். நாலு ஆண்பிள்ளைகளால் பிடிக்க முடியவில்லையாம். ஊர் சொல்கிறது. வண்டி இல்லை என்றபோது அவன் கட்டியிருந்த வேட்டிக் கரையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கதவு மட்டும் நினைவில்லை. நெற்றித் தழும்பைத் தடவிப் பார்க்கிறேன். அன்று எனக்குள்ளே இருந்தவள் யார்? அன்று என் கையில் வாட்ச் இல்லை.