முப்பது மீட்டர் தொட்டி

அன்புள்ள தம்பி ஃபிர்மேனுக்கு,

மதகு வீட்டிலிருந்து உன் அக்கா ஒதில் எழுதுவது. நானும் கால்வாயும் நலம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தாவிப் போய் அதை முதலில் படிக்காதே.

பெல்ஜியத்திலிருந்து நீ அனுப்பிய படகுப் படம் வந்தது. ஊரார் சரக்கை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவன் சொந்தப் படகு வாங்கிவிட்டாய். சன்னலுக்குப் பூத்திரை வேறு. அதை ஓட்டிவந்து நம் வாசலில் கட்டி, சுற்றுலாக்காரர்களை ஏற்றப்போகிறாயாம். நீளம் முப்பத்தெட்டு மீட்டர் என்று பெருமை வேறு. தம்பி, படகை உள்ளே விட்டுக் கதவடைத்துத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் நம் மதகுத் தொட்டி முப்பது மீட்டர்தான். நீ போன பிறகு அது வளரவில்லை. ராஜா காலத்தில் வெட்டியவர்கள், நேர்ச்சுவர் இடிந்து விழுந்ததால் முட்டைபோல வயிறு வைத்துக் கட்டினார்கள். உன்னைப்போல அதற்கும் அகலத்தில்தான் வளர்ச்சி.

இங்கே கோடைக் கூட்டம் வந்துவிட்டது. தொப்பி போட்ட ஒரு ஜெர்மன்காரர் தொட்டிக்குள் வந்ததும் படகுக் கயிற்றைக் கரைத்தூணில் இறுக்க முடிச்சுப் போட்டுவிட்டு ஒயினை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் இறங்க இறங்கப் படகு சுவரில் தொங்கியது. “கட்டாதய்யா, கையில புடின்னு தொண்டை கிழியக் கத்தினேனே”ன்னு நான் திட்ட, அவர் எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். குடித்துவிட்டு மீதியைத் திட்டினேன்.

கரையில் இருந்த பிளாட்டான் மரங்களை நோய் வந்ததென்று வெட்டிவிட்டார்கள். அதனால் அப்பாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் மதகு முழுதாகத் தெரிகிறது.

இனி அப்பா. திராட்சை அறுவடை வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீளத்தைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “அவன் நடக்கப் பழகினதே அந்தத் தொட்டிக் கரையிலதான். அளவு மறந்துட்டானாக்கும்” என்றார். வடக்கே குளிரில் மூளை உறைந்திருக்கும் என்று நான் சொன்னேன். சிரிக்கவில்லை. சரக்குப் படகு நின்றுபோன வருடம், தனக்குப் பிறகு மதகை நீ பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னதற்கு, “செத்த கால்வாய்க்கு நான் ஏன் கதவு திறக்கணும்”னு நீ கேட்டதும், “இனி என் வாசல்ல வந்து நிக்காதே”ன்னு அவர் சொன்னதும் எனக்கும் நினைவிருக்கிறது. வர முடியாத படகாகப் பார்த்து வாங்கினாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று சூப் கொடுக்கும்போது அவரே கேட்டார்: “ரயில்ல வந்தா நீளம் பாப்பாங்களா?” பார்க்க மாட்டார்கள் என்றேன்.

அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் மதகைத் திறந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மந்திரி வந்த படகே வெயிலில் காத்துக் கிடந்தது. சூப்பை முடித்துவிட்டு, “சாப்பாட்டு நேரத்துல வந்தாலும் பரவால்லன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

படகு அங்கேயே கிடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. வாத்துக்கறியும் பீன்ஸும் சட்டியில் போட நான் தயார். எந்த ரயில் என்று மட்டும் சொல்.

உன் அக்கா,
ஒதில்