பச்சைச் சீட்டு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கமாட்டேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ என்ன நலம் எழுதுவாய்? நான் இன்னும் கம்பெனி விடுதி அறையில்தான். கிரேன் விபத்து விசாரணை முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாதாம். ஃபோனையும் வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். கை நீட்டினால் தொடலாம். தினமும் தொடுகிறேன்.

அத்தான் மேல் இரும்புத் தூண் விழப்போவது ஆண்டவருக்கு முன்பே தெரியும், அதில் ஒரு நோக்கம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் கிரேன் சோதிக்கிறவன், எனக்குப் புரிவது ஒன்றுதான். தெரிந்தும் நிறுத்தாதவன் குற்றவாளி. எங்கள் வேலையில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அத்தான் சாப்பிடுகிறாரா?

உன் தம்பி

*

மார்ச் 11

கர்த்தர் கைவிடாத என் தம்பிக்கு,

உன் கோபத்தையும் சேர்த்துத்தான் படித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். கடைக்குக்கூட ஓட்டமாய்ப் போய் ஓட்டமாய் வருகிறேன். எல்லாம் முன்பே தெரிந்த ஆண்டவர் கூடவே இருந்து தாங்குகிறார் என்று நம்பினால்தான் அடுத்த இரண்டு மணி நேரத்தைத் தள்ள முடிகிறது. நோக்கம் என்னவென்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டினேன். சிரித்தார். "வாய் மட்டும் குறையல பாரு அவனுக்கு. அந்தக் கயித்துல பச்சைச் சீட்டு கட்டினது என் மச்சான். அதான் கண்ணை மூடிக்கிட்டு கீழ நின்னேன். கயிறு அறுந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்றார். விசாரணைக்காரர்களிடமும் அதையே சொல்லப்போகிறாராம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

இதை அத்தானுக்குப் படிக்காதே.

கிரேனின் கம்பிக் கயிற்றைத் துணியால் பிடித்துத் தடவிக்கொண்டே போனால், அறுந்த இழை துணியில் மாட்டும். கயிற்றின் ஒரு முறுக்கு நீளத்துக்குள் ஆறு இழை மாட்டினால் சிவப்புச் சீட்டு, வேலை நின்றுவிடும்; குறைந்தால் பச்சை. அன்று ஒன்பது மாட்டியது. மேலாளர், "புதுக் கயிறு வெள்ளிக்கிழமை வந்துரும்பா. நாலு நாள் தாங்காதா? நீயே சொல்லு" என்றார். கணக்குப் போட்டேன். தாங்கும் என்று வந்தது. பச்சை கட்டினேன். இரண்டாம் நாள் அறுந்தது.

அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, கீழே நிற்காதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை.

அவர் சொன்னபடி சாட்சி சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். உன் ஆண்டவருக்கு இதெல்லாம் முன்பே தெரியுமென்றால், நான் வேறு மாதிரி செய்திருக்க வழி இருந்ததா? இல்லை என்று ஒரு வரி எழுது.

தம்பி

*

மார்ச் 27

தம்பி,

இருந்தது.

கடிதம் வந்ததை அவர் பார்த்துவிட்டார். "படி, என்ன எழுதியிருக்கான்?" என்றார். மழை, சாப்பாடு என்று நானாக இட்டுக்கட்டிப் படித்தேன். பதினோரு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். நீ அடைந்து கிடக்கும் இடத்துக்குள் என்னையும் இழுத்துவிட்டாய். ஆண்டவரை நீ குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது, நீ இறங்கிக்கொள்ளத்தான் என்று இப்போது புரிகிறது.

அவரிடம் சாட்சி கேட்க ஏழாம் தேதி வருகிறார்கள். நான் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. உன்னை மன்னிக்க ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டேன், வாய் வரவில்லை. வெறுக்கவும் வரவில்லை.

அவரைப் புரட்டும் நேரம்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. அக்காதான் படிப்பாள். நடுவில் நிறுத்தினால், மேலே படி என்று சொல்லுங்கள்.

கயிறு தானாக அறுந்ததாக நினைக்கிறீர்கள். அது அறுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே பச்சை கட்டினேன். நீங்கள் கீழே நிற்பீர்கள் என்பதும் தெரியும்.

இதன் நகலை இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் சாட்சி இனி என்னைக் காப்பாற்றாது. அதனால் பயப்படாமல் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லலாம்.

கேட்டபிறகு என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் மச்சான்