கையில் முட்டையோடு நீந்தும் கணவாய்

ஜூன் 17, செவ்வாய்
விடாத மழை. தகரக் கூரை இரைச்சல், கத்திக் கத்தித்தான் பாடம். பத்தாம் வகுப்பு, இனப்பெருக்கம். போனில் பார்த்த ஆழ்கடல் கணவாயைப் பத்திச் சொன்னேன். மத்த கணவாய் பெரும்பாலும் முட்டையிட்டுட்டுப் போயிடும். இது ரெண்டாயிரம் மூவாயிரம் முட்டையைக் கையில் இடுக்கிக்கிட்டு மாசக்கணக்கா இருட்டில் நீந்தும். தீனியே கிடையாது. "அதுதான் தாய்"னு முடிச்சேன். தர்ஷினி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அவ அம்மா வெள்ளிக்கிழமை குவைத் போறாங்க, வீட்டு வேலைக்கு. தெரிஞ்சும் அப்படிச் சொன்னேனே.

ஜூன் 18, புதன்
தர்ஷினி வரலை. எனக்கு இருமல் மருந்து வாங்கணும், மறந்துட்டேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர்: "போறவங்க போயிடுறாங்க, புள்ளைங்கதான் பாவம்." டிபன் பாக்ஸை மூடி வச்சேன். வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். முட்டை பொரிஞ்சதும் தாய் செத்துப்போகுது. உடம்பெல்லாம் கரைஞ்சு. அதை வகுப்பில் சொல்லவே இல்லை.

ஜூன் 19, வியாழன்
ஸ்கூல் விட்டதும் தர்ஷினி வீட்டுக்கு, எஸ்டேட் லயத்து வரிசை வீடு. வழியெல்லாம் சேறு, செருப்பு வார் அறுந்தது. அம்மா செல்வராணி பேக் அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. தர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டு.

"வாங்க டீச்சர். ரெண்டு நாளா எங்கூட பேச மாட்டேங்குறா. கணவாய்கூட புள்ளைய விடாதாம்."

"தப்பு என்மேலங்க. பாதிதான் சொன்னேன். அந்தத் தாய் பட்டினியிலேயே செத்துரும். விட்டுட்டுப் போற கணவாயோட குஞ்சும் பொழைக்குது."

செல்வராணி மடிச்ச சேலையைக் கையிலேயே வச்சிருந்தாங்க. "அப்பாவும் இல்லாத புள்ள. நானும் செத்துட்டா இவளுக்கு யாரு? நா திரும்பி வரணும் டீச்சர்."

தர்ஷினி திரும்பவே இல்லை. டீ வேணாம்னு வந்துட்டேன். குடிச்சிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி
வெயில். ஆறரைக்கு வேன்னு சொன்னாங்க. நான் போகலை, எந்த முகத்தோட போறது. போர்டில் தேதியைத் தப்பா எழுதி அழிச்சேன்.

முதல் பாடத்துக்கே வாசலில் தர்ஷினி. கண் வீங்கி, காலெல்லாம் சேறு. சித்தி வீட்டிலிருந்து வர்றா, இனி அங்கதான்.

"அம்மாகிட்ட பேசினியா?"

"வேன் கிளம்பினப்புறம்தான் டீச்சர். கூடவே ஓடிக்கிட்டே."

"என்னன்னு?"

"நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு."