அக்காவுக்கும் எனக்கும் நாலு மாதம்

2025 மார்ச் 9, ஞாயிறு

திருச்சி ஏஜென்ட் ஷீபா மேடம் போன் செய்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு, பெரிய நகரங்களை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு டீசல் மெக்கானிக்குகளை ஸ்பான்சர் செய்கிறதாம். வயது, இங்கிலீஷ், அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. புள்ளி அதிகமுள்ளவர்களைத்தான் அழைப்பார்கள்.

"நாப்பது ஆயிருச்சுன்னா பத்துப் புள்ளி போயிரும் பால்ராஜ் சார். அதுக்குள்ள அழைப்பு வந்தாகணும்."

சர்டிபிகேட்படி ஜூன் 5 அன்று எனக்கு நாற்பது. உண்மையில் முப்பத்தெட்டுதான்! இங்கே சொந்தமாக டீசல் பட்டறை வைப்பதற்கு முன்னால் கத்தாரில் எட்டு வருடம் தனியாகக் கிடந்தேன். மகள் ஃபெமினா நடக்கப் பழகியதை வீடியோவில் பார்த்தவன் நான். இந்த விசா கிடைத்தால் மனைவி ஸ்வீட்டியையும் மகளையும் கூடவே அழைத்துப் போகலாம். இன்னொரு தடவை தனியாகப் போக என்னால் முடியாது.

மார்ச் 12

ஷீபா மேடத்துக்கு ஒரே சிரிப்பு. படிவத்தில் உடன்பிறந்தவர்களின் பிறந்த தேதி கேட்கிறார்கள். அக்கா வேளாங்கண்ணி, 1985 பிப்ரவரி 11. நான், 1985 ஜூன் 5.

"ஒங்க அம்மாவுக்கு எப்புடி சார் நாலு மாசத்துல ரெண்டு புள்ள?"

முப்பத்தைந்து வருடமாக எந்த ஆபீசரும் கவனிக்காத அதிசயம்.

மார்ச் 16, ஞாயிறு

சொந்த ஊர் ஆவூருக்குப் போனேன். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். பிறப்பு 1986 ஆகஸ்ட் 14. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஒங்க அக்கா நீ இல்லாம பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு வாசல்ல உருண்டா. ஒனக்கும் அஞ்சு வயசுன்னு ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். அதுக்கு இப்ப என்னடா?"

அதுக்கு இப்ப என்னவா? பத்துப் புள்ளிப்பா! ஏதேதோ கத்திவிட்டேன். அவர் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். எழுபத்தாறு வயது மனுஷரிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

மார்ச் 17

கோபம் இறங்கியதும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அந்த நாளே மனசில் ஓடுகிறது. எனக்கே ஞாபகமா, சொல்லிக் கேட்டதா? ஹெட்மாஸ்டர் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. அக்கா ஓடிவந்து என் தலையைச் சாய்த்துப் பிடித்தாள். விரல் காதில் பட்டது. அவரும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்.

அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு, பத்தாவது வரை ஒரே வகுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். அவள் இடது பக்கம் படிப்பாள், நான் வலது பக்கம். எனக்கு எல்லாப் பாடமும் பாதி பாதிதான் தெரியும். அந்த வயசில் அதற்காக நான் வருத்தப்பட்டதாக ஞாபகமே இல்லை. நன்றாகத்தான் இருந்தோம்.

ஏப்ரல் 4

தேதியைத் திருத்த முடியுமா என்று ஷீபா மேடத்திடம் கேட்டேன்.

"ஐடிஐ, பாஸ்போர்ட், கத்தார் விசா, எல்லாத்துலயும் பழைய தேதிதான் சார். இப்பப் போயி மாத்துனா புள்ளிக்காகப் பொய் சொல்றோம்னு நெனைப்பாங்க."

பொய் செல்லும், நிஜம் செல்லாது. என்ன நியாயமோ!

ஜூன் 5

அழைப்பு வரவில்லை. பத்துப் புள்ளி போச்சு. கேக் வாங்கட்டுமா என்று கேட்டாள் ஸ்வீட்டி. முறைத்தேன்.

ஜூன் 7, சனி

அக்கா வந்தாள். அப்பா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னாலதானடா போச்சு?"

இல்லை என்றேன். நம்பவில்லை. ஷீபா மேடத்துக்கு அவளே போன் போட்டாள். இங்கிலீஷ் பரீட்சையில் நாலு பகுதியிலும் ஏழு வாங்கினால் போன பத்து திரும்ப வருமாம். நான் போன வருடம் வாங்கியது ஆறு.

அக்கா திருவரங்குளத்தில் இங்கிலீஷ் டீச்சர். "ஸ்கூல் விட்டதும் தெனம் நான் வாரேன். பட்டறைய அஞ்சரைக்குச் சாத்து" என்றாள். கேட்கவில்லை, உத்தரவுதான்.

ஜூலை 22

இன்றைய கட்டுரையில் பதினோரு சிவப்பு வட்டம். நோட்டில் கிரீஸ் கறை வேறு. "ஸ்பேனர் புடிக்கிற மாதிரி பேனாவ புடிக்காதடா" என்று கையில் தட்டுகிறாள். ஃபெமினாவுக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அக்காவுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது? கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இப்படித் தினமும் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. கத்தாரில் இருந்தபோது "சாப்ட்டியா"வைத் தாண்டி என்ன பேசினோம்? இப்போது கட்டுரைக்கு நடுவில் யார் யாரோ பழைய வாத்தியார்கள் வந்துவிடுகிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஏழரை மணி பஸ்ஸுக்கு அவள் எழுந்தால் எனக்கு முகம் வாடிவிடுகிறது. ஊரை விட்டுப் போவதற்குப் படிக்கிறவனுக்கு இது தேவையா?

அக்டோபர் 3

ஏழு, ஏழு, எட்டு, ஏழு!

அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "என்னத்துக்குடா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

டிசம்பர் 2

மாநில அரசு ஸ்பான்சர் கொடுத்து, அழைப்பும் வந்துவிட்டது. அறுபது நாளுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்வீட்டி அழுதாள். நானும்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன், இங்கிலீஷ் சரிபார்க்க. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் சத்தமாக வாசித்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

யார் யார் போகிறோம் என்ற பக்கம் வந்தது. என் பெயர், ஸ்வீட்டி, ஃபெமினா. வாசித்துவிட்டு அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானாடா?"

"அவ்வளவுதாங்க்கா."

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது, அனுப்பிவிடு என்றாள். ஏழரை மணி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அப்போதே கிளம்பிவிட்டாள்.