பத்திரிகையில் ஏறிய படிப்பு

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல். துடியலூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். குடை கிழிசல், மாற்ற வேண்டும்.

கோகிலாவின் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் மோட்டார் கம்பெனியில், கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில், எனக்குத்தான் முதல் பத்திரிகை. “ஏனுங்கக்கா, குடும்பத்தோட வந்துருங்க.” மேனேஜருக்கும் மற்றவர்களுக்கும் நாளைக்காம்.

வீட்டில் பிரித்துப் படித்தேன். மணமகனின் அக்கா: கோகிலா எம்.எஸ்சி., எம்.ஃபில்.

இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். சேரும்போது பிளஸ் டூ என்றாள். டிகிரி படித்தவர்களை மேனேஜர் சேர்ப்பதில்லை, மூன்றே மாதத்தில் ஓடிவிடுவார்களாம். போன மாதம் அவளுக்கு நான் சதவீதக் கணக்கு விளக்கினேன்! தலையாட்டிக்கொண்டே கேட்டாள், கள்ளி.

ஆவணி 10, செவ்வாய்

வெயில். கோ.விடம் பத்திரிகையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது எல்லார் வீட்டு வழக்கம்தான். அதைக் கொண்டுவந்து இங்கேயே நீட்டுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

“அப்பா ஆசைப்பட்டுப் போட்டுட்டாருங்கக்கா. எங்க ஊட்டுல மொத டிகிரி நானுங்க.” அப்பா சோமனூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் கூலி வேலை செய்கிறவர்.

சாப்பாட்டு நேரத்தில் நீலப் பேனாவால் ஒவ்வொரு பத்திரிகையிலும் எம்.எஸ்சி.யை அடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியவில்லை. பேனாவைப் பிடுங்கினேன்.

“வேலை போயிருமுங்கக்கா.”

“போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்.” என்ன தைரியத்தில் சொன்னேனோ.

அடிக்காத பத்திரிகை ஒன்று, யார் சுற்றிய மோட்டார் பழுதாகித் திரும்பியது என்று எழுதிவைக்கும் ரிட்டர்ன் நோட்டு. இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே மேனேஜரிடம்.

“அப்பப் பொய் சொல்லித்தான் சேந்துருக்குதுங்களா?”

“ஆமாங்க. ஆனா ரெண்டு வருசத்துல அது சுத்துன மோட்டாரு ஒண்ணாச்சும் கருகித் திரும்பி வந்துருக்குதுங்களா, பாருங்க.”

நோட்டைப் புரட்டினார். ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருக்கட்டும். ஃபாரத்தைத் திருத்திக் குடுக்கச் சொல்லுங்க.”

சொன்னதும் அழுதாள், கழுதை. எனக்கும் வந்துவிட்டது.

ஆவணி 12, வியாழன்

மறுபடி தூறல். சாம்பாரில் உப்பு அதிகம்.

நாங்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மோட்டார். கோ.வும் எட்டுதான், இத்தனை நாளும். இன்று மதியத்துக்குள்ளேயே ஏழு முடித்துவிட்டாள். நாங்கள் மூன்று காயில்களைத் தனித்தனியாகச் சுற்றிப் பிறகு முனைகளை ஒட்டுவோம்; அவள் கம்பியை அறுக்காமல் மூன்றையும் ஒரே தொடராகச் சுற்றுகிறாள்.

“ஏங்கண்ணு, இத எப்பக் கண்டுபுடிச்ச?”

“சேந்த மாசமேங்கக்கா. வேகமாச் சுத்துனா, படிச்ச புள்ளைன்னு கண்டுக்கிட்டுத் தொரத்திப்போடுவீங்கன்னு பயமுங்க.”

‘போடுவாங்க’ என்று சொல்லவில்லை, ‘போடுவீங்க’ என்றாள். பயந்தது என்னையும் சேர்த்துத்தான்.