பாடிக்குப் போய்ச் சேராத படம்

வியாழன், மேனாம்பேடு

தோழி ஸ்டெல்லாவின் அப்பா இன்னும் கிடைக்கவில்லை. மறதி நோய்க்காரர். காலையில் திருநின்றவூர் வீட்டிலிருந்து எங்கோ கிளம்பிப் போய்விட்டார். அவர் படத்தை அவள் உடனே அந்த ஊர்க்காரர்களின் சமூகத் தளத்தில் போட்டிருக்கிறாள். அதை ஆவடி, பாடி நண்பர்கள் நடத்தும் தளங்களுக்கும் கொண்டுபோக வேண்டியது என் வீட்டில் நான் நிறுவிய ரிலே சர்வர். அது டிஸ்க் நிரம்பி நின்றுபோயிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

சாயங்காலம் அவள் போன் செய்த பிறகுதான் பார்த்தேன். பழையதையெல்லாம் அழித்துவிட்டு ஓடவிட்டேன். படம் போன உடனே பாடியிலிருந்து ஒருவர் எழுதினார்: "இவரா? மத்தியானம் மேம்பாலத்துக்குக் கீழ உக்காந்துகினு இருந்தாரே. தண்ணி வாங்கிக் குடுத்தேன். யாருன்னு தெரியலயே."

நானும் அவளும் ஓடினோம். அங்கே லாரிகள்தான் நின்றன.

"உங்க சர்வர் வழியா எல்லாருக்கும் போயிடும்னு நம்பி வேற எங்கியும் போடலண்ணா," என்றாள் ஸ்டெல்லா. திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பெரிய கம்பெனிகளை நம்ப வேண்டாம், நாமே நடத்துவோம் என்று பேசிப் பேசி எல்லாரையும் இதில் சேர்த்தவன் நான்.

இப்போது சர்வர் நன்றாக ஓடுகிறது. "கிடைச்சிட்டாரா?" என்று எல்லா ஊரிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.